அந்த நாலு பேருக்கு ஒரு திறந்த மடல்

நன்னிலத்திலும், சன்னாநல்லூர், அச்சுதமங்கலம், ஸ்ரீவாஞ்சியம், பூந்தோட்டம், பேரளம் முதலிய சுற்றுப்பக்கத்து ஊர்களிலும் வாழ்ந்துவரும் உற்றார் உறவினர்களே, அண்டை அயலாரே, பெரியோர்களே, தாய்மார்களே,



நம் பக்கத்து வீடுகளில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்ப்பதானாலும், ஒரு பையனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று தீர்மானிப்பதானாலும், இறந்தவருக்குப் பதினாறாம் நாள் காரியத்தை எவ்வளவு விமரிசையாக நடத்துவது என்பதானாலும், எல்லா யோசனைகளும் முடிந்த பிறகு கடைசியாக வந்து நிற்பது 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற கேள்வியே என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். அந்த நாலு பேர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. ஆயினும் அவர்களுக்கு அஞ்சாத வீடு ஒன்றும் இந்த வட்டாரத்தில் இல்லை. கல்யாணப் பந்தலில் முன்வரிசை நாற்காலியில் அமர்கிற நீங்கள், கடைத்தெருவில் டீக்கடைப் பெஞ்சில் தினசரியைப் பிரித்துப் படிக்கிற நீங்கள், மதுவனேசுவரர் கோயில் பிராகாரத்தில் பிரதோஷத்தன்று ஒருவரையொருவர் க்ஷேமம் விசாரித்துக்கொள்கிற நீங்கள், நீங்களே அவர்கள். உங்களில் ஒருத்தியாக இந்த ஊரிலேயே வயதானவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்ற பாத்தியதையில் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். பொறுமையோடு முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் எழுத வந்த விஷயம் நம் வீடுகளில் வளர்ந்துவரும் சில குழந்தைகளைப் பற்றியது. ஆண்பிள்ளை என்று பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்தும், பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே, சில சமயம் அதற்கும் வெகு முன்பே, தான் பெண் என்பதைத் தன் உள்ளத்தில் ஐயமறத் தெரிந்துகொண்டுவிட்ட குழந்தை ஒன்று. பெண்பிள்ளை என்று ஊரெல்லாம் அழைத்தாலும் தான் ஆண் என்பதில் தனக்கு லவலேசமும் சந்தேகம் இல்லாத குழந்தை மற்றொன்று. வளர்ந்த பிறகு திருநங்கை என்றும் திருநம்பி என்றும் இவர்களை உலகம் அழைக்கும். இன்றைக்கு இவர்கள் நம் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். விஜயதசமியன்று கூத்தனூர் சரஸ்வதி சந்நிதியில் நம் கையால் இவர்கள் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்தோம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் என்ற இரண்டுக்கும் அப்பால் ஒரு கட்டம் முதன்முதலாக இடம்பெற்றது. அதில் தமிழ்நாட்டில் எழுதப்பட்டவர்கள் 22,364 பேர். அவர்களில் எவரும் திருநங்கைகள் கூடும் கூவாகத்துத் திருவிழாவில் திடீரென்று தோன்றியவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு தாயின் மடியில், ஏதோ ஒரு தெருவின் பார்வைக்கு நடுவே பதினைந்து பதினாறு ஆண்டுகள் வளர்ந்தவர்களே.

இதைப் பெற்றவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். பெற்றவர்களோடு நான் பேசியிருக்கிறேன். திண்ணையிலும், அடுப்பங்கரையிலும், சில வேளைகளில் எவர் கண்ணிலும் படாமல் இருக்கவேண்டும் என்று அவர்களே விரும்பிய காரணத்தால் இருட்டிய பிறகு என் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களிடம் பிரியம் குறைவாக இருக்கக் கண்டதில்லை. 'அது எப்படி இருந்தாலும் என் புள்ளதான் டீச்சர், நாலு பேரு முன்னாடி எப்படி அழைச்சிட்டுப் போறது, அதைச் சொல்லுங்க' என்று ஒரு தாய் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை என்னிடத்தில் இல்லை, உங்களிடத்தில் இருக்கிறது. ஆகவேதான் உங்களைத் தேடி வந்தேன்.

சென்ற தை மாதத்தில் நம் பகுதியில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு ஒரு தாய் தன் பதினைந்து வயதுக் குழந்தையை அழைத்து வந்திருந்தாள். பையன்களுக்குரிய சட்டையும் கால்சட்டையுமே அது உடுத்தியிருந்தது. தலைமயிர் மட்டும் கழுத்தைத் தொடும் அளவுக்கு வளர்ந்து, எண்ணெய் தடவிப் படியச் சீவி, காதோரத்தில் ஒரு சின்னஞ்சிறு கறுப்பு ஊசியால் ஒதுக்கப்பட்டிருந்தது. மணப்பெண்ணுக்கு அரைத்ததில் மிஞ்சிய மருதாணியை முதல் நாள் இரவு யாரோ ஓர் அத்தை வைத்துவிட்டிருந்தாள் போலும், வலக்கைச் சுண்டுவிரல் நகம் மட்டும் சிவந்திருந்தது. மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணமும், கற்கண்டும், பன்னீர்ச் செம்பும், முழம் முழமாக நறுக்கி வைத்த மல்லிகைச் சரமும் கொண்ட தாம்பாளத்தோடு நின்றிருந்த அம்மையார் அந்தத் தாய்க்கு ஒரு சரத்தை எடுத்துக் கொடுத்தார். குழந்தையின் கை தன்னையறியாமல் நீண்டது. தாம்பாளம் ஒரு கணம் அதன் எதிரே நின்றது. பிறகு பின்னால் வந்துகொண்டிருந்த வேறொரு பெண்ணை நோக்கி நகர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற இளைஞர் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வயதில் மூத்த ஒருவர், குழந்தையின் காதில் விழவேண்டும் என்ற நோக்கத்தோடேயே, 'நல்ல காரியம் நடக்கிற எடத்துக்கு இதையெல்லாம் எதுக்கு அழைச்சிட்டு வரணும்' என்றார். பந்தியில் அந்தக் குழந்தைக்கு இந்தப் பக்கத்து இலையும் அந்தப் பக்கத்து இலையும் ஆள் இன்றிக் கிடந்தன. சாம்பார் பரிமாறி முடிந்ததும், ரசத்துக்குக் கூடக் காத்திராமல், அது இலையை மடித்துவிட்டு எழுந்துகொண்டது.

அங்கே எவரும் எவரையும் அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தையும் பேசப்படவில்லை. வந்தவர்கள் மொய் எழுதிவிட்டு, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு, மனநிறைவோடு வீடு திரும்பினார்கள். ஆனால் அந்தச் சில நிமிஷங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தவற்றை நீங்கள் அறியவேண்டும். அடுத்த விசேஷத்துக்குத் தாய் அந்தக் குழந்தையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். கோயில் காப்புக் கட்டியபோது, தீமிதி பார்க்கப் போகவேண்டாம் என்று தடுத்தாள். தகப்பனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முடிதிருத்தும் கடையில் உட்காரவைத்து, 'ஒட்ட வெட்டுங்க' என்று சொல்லிவிட்டு, தலை குனிந்தபடி வெளியே நின்றார். அன்று மாலையிலிருந்து அந்தக் குழந்தை அவரோடு பேசவில்லை. வைகாசியில் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் அது வீட்டில் இல்லை. மயிலாடுதுறைக்குப் போகும் ரயிலில் ஏறியதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அந்தத் தகப்பனார் கொடியவர் அல்லர். தம் குழந்தையின் தலைமயிரைக் கண்டு அவர் அஞ்சவில்லை. அந்தத் தலைமயிரை நீங்கள் பார்க்கும் பார்வைக்கு அஞ்சினார். பெற்றவர்கள் தம் பிள்ளைகள்மீது செலுத்துகிற நிர்ப்பந்தத்தின் பெரும்பகுதி இவ்வாறு உங்களிடமிருந்து கடன் வாங்கியதே என்று நான் திடமாக நம்புகிறேன்.

திருநம்பிகளாக வளரும் குழந்தைகளின் நிலை வேறு விதமானது. அது ஊராரின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை என்பதால் இன்னும் கடுமையானது. தன்னை ஆண் என்று உணரும் ஒரு குழந்தைக்குப் பதின்மூன்று வயதில் உடம்பு தன் இஷ்டத்துக்கு விரோதமாக ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறது; அது ஒருவரிடமும் சொல்லமுடியாமல் குமைந்துகொண்டிருக்கிற அதே வாரத்தில், நாம் மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர்வரிசையைத் தெரு முழுவதும் பார்க்கும்படி ஊர்வலமாகக் கொண்டுவந்து, பட்டுப்புடவை கட்டி, பூவால் ஜடை தைத்து, மேடைமீது நாற்காலியில் உட்காரவைத்து, வருகிறவர்கள் எல்லோரும் கன்னத்தில் சந்தனம் பூசும்படி செய்து, அந்தக் கோலத்தை ஆளுயரத்துக்குப் பெரிய பிளெக்ஸ் பலகையாக அடித்து முச்சந்தியில் கட்டிவிடுகிறோம். மஞ்சள் நீராட்டு விழாவின்போது ஒரு குழந்தை மேடையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தால், 'பாவம், வெட்கப்படுகிறது' என்று நாம் சொல்கிறோம். எல்லாக் குழந்தைகளுக்கும் அது வெட்கம் அல்ல. மறுநாள் அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகும் வழியில் அந்தப் பலகையைக் கடந்துதான் போகவேண்டும். கழற்றுவதற்கு ஆள் வரும்வரையில், சில ஊர்களில் மழையில் நைந்து கிழியும்வரையில், அது அங்கேயே இருக்கும். சீர் வரிசையைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாய்மாமனுடைய ஆசையில் குற்றம் காணவும் வரவில்லை. உனக்கு இது வேண்டுமா என்று அந்தக் குழந்தையைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று மட்டும் கேட்கிறேன்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து மாலை நாலரை மணிக்குத் திரும்புகிறவரையில் ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காத மாணாக்கர் நம் வகுப்பறைகளில் உண்டு. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும். பையன்களின் கழிப்பறைக்குப் போனால் அங்கே என்ன நடக்கும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியும். பெண்களுடையதற்குப் போக அதை எவரும் விடமாட்டார்கள். சித்திரை வெயிலில் உதடு வெடித்து உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தைக்கு இயற்பியல் சூத்திரம் எப்படி மண்டையில் ஏறும்? 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். அத்தனை பேரில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்கும் வெளியே தன்னைப் பதிவு செய்துகொண்டு எழுதியவர் ஒரே ஒருவர். அவர் தேர்ச்சி பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலும் அவ்வாறே ஒருவர் எழுதினார், ஒருவர் தேர்ச்சி பெற்றார். பத்திரிகைகள் அந்த இருவரையும் மனமாரப் பாராட்டின, நானும் பாராட்டுகிறேன். ஆனால் மற்றவர்கள் எங்கே என்ற கேள்வி அந்த இரண்டு செய்திகளையும் படித்தபோது என்னை உறங்கவிடவில்லை. சிலர் வேறு கட்டத்தில் ஒளிந்துகொண்டு எழுதியிருப்பார்கள். பலர் அந்த வகுப்புக்கு வந்து சேர்வதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டார்கள்.

போனவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் நீங்கள் அறியாதவர்கள் அல்லர். தம்மை மகளாகத் தத்தெடுத்துக்கொள்ளும் ஒரு மூத்த திருநங்கையின் வீட்டுக்குப் போகிறார்கள். நாம் கொடுக்க மறுத்த பெயரையும், புடவையையும், 'மகளே' என்ற அழைப்பையும் அங்கே பெறுகிறார்கள். அந்த மூத்தவர்களைக் குழந்தை பிடிக்கிறவர்கள் என்று ஏசுவது பெரும் அநியாயம். ஆயினும் அங்கே படிப்பு முடிக்க வசதி ஏது? சில மாதங்களில் அவர்கள் கடை கேட்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் நம் கடைத்தெருவில் கைதட்டிக்கொண்டு வந்து நிற்பவருக்கு நீங்கள் பத்து ரூபாய் கொடுக்கிறீர்கள்; புதிதாகக் கடை திறந்தவர் திருஷ்டி கழிக்கச் சொல்கிறார்; கைக்குழந்தை வைத்திருப்பவள் அதன் உச்சியில் கைவைத்து ஆசீர்வாதம் செய்யச் சொல்கிறாள். அயலூரிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் கையில் ஆசி பெற்றுக்கொள்கிற நீங்கள், உங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்த குழந்தையின் கையில் ஒரு முழம் பூவைக் கொடுக்க ஏன் தயங்கினீர்கள் என்று நான் கேட்டால், அதற்கு உங்களிடம் என்ன சமாதானம் உண்டு?

நீங்கள் சொல்லக்கூடிய ஆட்சேபங்களை நான் கேட்டிருக்கிறேன். இது விடலைப் பருவத்துச் சபலம், சினிமாவையும் செல்போனையும் பார்த்துக் கெட்டது, சில நாள் போனால் சரியாகிவிடும் என்பீர்கள். செல்போன் வருவதற்கு வெகு காலம் முன்பே, மின்சாரமே எட்டாத கிராமங்களிலும் இத்தகைய குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள் என்பதை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க நியாயமில்லை. அது இருக்கட்டும், உங்கள் வார்த்தையே வாஸ்தவம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தை உங்களிடம் கேட்பது என்ன? தலைமயிரை வளர்த்துக்கொள்ளவும், அல்லது வெட்டிக்கொள்ளவும், தான் விரும்பும் பெயரால் அழைக்கப்படவும், பிடித்த உடையை உடுத்திக்கொண்டு நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து வரவும் அனுமதி கேட்கிறது. இவற்றில் மறுபடி மாற்றிக்கொள்ள முடியாதது எது? அறுவைச் சிகிச்சை என்பது பதினெட்டு வயது நிரம்பியவர் மருத்துவரைக் கலந்து, தம் சொந்தச் சம்மதத்தின் பேரில் முடிவு செய்யவேண்டிய காரியம். பதினைந்து வயதுக் குழந்தைக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமில்லை. சபலம் என்றால் மயிர் மறுபடி வெட்டப்படும், பெயர் மறுபடி மாறும், எவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சபலம் இல்லை என்றால், நீங்கள் காட்டிய ஆதரவினால் ஒரு குழந்தை வீட்டிலேயே தங்கிப் படித்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் வருவது நீங்கள் துரத்தும்போதுதான்.

வேஷம் போடுகிறான் என்று சிலர் சொல்வதுண்டு. வேஷம் என்றால் என்னவென்று நம் காவிரிப் பிரதேசத்துக்காரர்களுக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. மேலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டி நடக்கும் பாகவத மேளாவில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே தாங்கி ஆடுவதை, விடிய விடியக் கண்கொட்டாமல் பார்த்து, கண்ணீர் விட்டு இரசிக்கிற ரசிகர்கள் நம்மிலும் உண்டு. அந்த நடிகர் விடிந்ததும் ஒப்பனையைக் கலைத்துவிட்டுத் தம் சொந்த உருவில் வீட்டுக்குப் போய்விடுகிறார். இந்தக் குழந்தைக்கோ பள்ளிச் சீருடையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் நேரந்தொட்டு ஆண் என்று நடித்தாக வேண்டியிருக்கிறது. ஒப்பனையைக் கலைக்க நேரமும் இடமும் கேட்டுத்தான் அது நம் முன்னால் நிற்கிறது.

வியாதி என்பவர்களுக்கும், காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்டவும் வேப்பிலை அடிக்கவும் அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டு 2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இதனை மனநோய்களின் வகையிலிருந்து நீக்கிவிட்டது. நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வழங்கிய உத்தரவு, இத்தகையவர்களை 'மாற்றிவிடுகிறேன்' என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளைத் தடை செய்ததோடு, பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இதுபற்றிய அறிவு புகட்டப்படவேண்டும் என்றும் வற்புறுத்தியது. குணப்படுத்த ஏதும் இல்லாத இடத்தில் மருந்து தேடி அலைந்து, குழந்தையின் உடம்பில் சூடும் மனத்தில் வடுவும் பட்டதுதான் மிச்சம் என்று சொன்ன பெற்றோரை நான் அறிவேன்.

உங்களிடம் இல்லாத பெருந்தன்மையை நான் கேட்கவில்லை; நம் மண்ணில் ஏற்கனவே செய்து காட்டியதையே கேட்கிறேன். சென்ற புரட்டாசியில், சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு வயல் வரப்பில் நான் நிற்க நேர்ந்தது. நம் பக்கத்தில் நாற்றுப் பறிப்பதும் நாற்றுமுடி சுமப்பதும் ஆண்களின் வேலை, நடவு பெண்களின் வேலை என்பது எவரும் எழுதிவைக்காமலே நிலைத்துவிட்ட சம்பிரதாயம். அன்று நடவு வரிசையில், தாய்க்குப் பக்கத்தில், பதினேழு வயதுத் திருநங்கைப் பெண் ஒருத்தி, பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மற்றவர்களோடு ஒன்றாகக் குனிந்து, இடக்கையில் முடியும் வலக்கையில் நாற்றுமாக, சேற்றில் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தாள். நடவு ஆட்களை அழைத்து வந்திருந்த மூத்த பெண்மணியிடம் வரப்பில் நின்ற ஒருவர் ஏதோ கேலியாகக் கேட்க, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'கை வெரசா போவுது, வரிசை கோணல, வேற என்ன பாக்கணும்ங்கிறீங்க' என்றாள். பிற்பகலில் வரப்பில் உட்கார்ந்து தூக்குச் சட்டிகளைத் திறந்தபோது அந்தப் பெண்ணைத் தங்கள் நடுவிலேயே உட்காரவைத்துக்கொண்டார்கள். ஒருத்தியின் சட்டியிலிருந்த கருவாட்டுக் குழம்பு மற்றவர்களின் சோற்றைப் போலவே அவள் சோற்றுக்கும் வந்து சேர்ந்தது. எவருக்கும் அங்கே ஒரு சட்டமோ நீதிமன்றத் தீர்ப்போ தெரிந்திருக்காது. படித்தவர்களும் பட்டுடுத்தியவர்களும் கூடிய மண்டபத்தில் அந்தப் பதினைந்து வயதுக் குழந்தைக்குக் கிடைக்காத இடம், சேற்று வயலின் வரப்பில் இந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது.

தஞ்சாவூரில் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன். மதுரையில் பிறந்து, சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், பரதநாட்டியம் கற்கத் தம் தோழி சக்தியோடு தஞ்சாவூருக்கு வந்து, தஞ்சை நால்வரின் வழித்தோன்றலான கிட்டப்பா பிள்ளையின் வாசலில் நின்றார். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற அந்தச் சகோதரர்கள் வகுத்த முறையிலேதான் இன்றைக்கும் நாடெங்கும் பரதநாட்டியம் ஆடப்படுகிறது. அத்தகைய மரபின் கௌரவம் முழுவதையும் தம் தோளில் சுமந்திருந்த பெரியவர் கிட்டப்பா பிள்ளை. தம் காலத்து நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவர் யோசித்திருந்தால், அதற்குக் காரணங்கள் வேண்டிய அளவு இருந்தன. அவர் காக்கவைத்தார், சோதித்தார், பிறகு மாணவியாக ஏற்றுக்கொண்டார். நர்த்தகி என்ற பெயரையும் அவரே சூட்டினார். வருஷக் கணக்கில் தம்மோடு வைத்துக் கற்றுக்கொடுத்தார். 2019-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதை அந்த மாணவி பெற்றபோது, அதனைப் பெற்ற முதல் திருநங்கை என்று நாடே பேசியது. ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவர், ஒரே ஒருவர், வாசற்கதவைத் திறந்ததனால் விளைந்த பலன் அது. அதே தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா, பட்டம் கையிலிருந்தும், தன்னைத் தானாக ஏற்றுக்கொள்ளும் இடம் தேடிப் புனாவுக்குப் போய், ரயிலில் கை நீட்டிப் பிச்சை எடுக்க நேர்ந்த கதையைத் தம் சுயசரிதையான 'நான் வித்யா'வில் எழுதியிருக்கிறார். இருவரிடத்தும் திறமைக்குக் குறைவில்லை. ஒருவருக்கு ஒரு கதவு உரிய காலத்தில் திறந்தது. மற்றவருக்கு அது திறக்கவேண்டிய காலத்தில் திறக்கவில்லை.

சட்டத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. பயத்தினால் வரும் மரியாதையை நான் வேண்டவில்லை. ஆயினும் தெரிந்திருக்கவேண்டியது என்பதால் சொல்கிறேன். திருநங்கைகளுக்கென்று நலவாரியம் ஒன்றை இந்தியாவிலேயே முதன்முதலாக 2008-ஆம் ஆண்டில் அமைத்தது நம் தமிழ்நாடு. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தில் நீதியரசர்கள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் அளித்த தீர்ப்பு, ஒருவருடைய பாலினத்தை அவரே அறிந்து சொல்லும் உரிமையை ஏற்றது. 2019-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திருநங்கை, திருநம்பி என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் நீதிமன்ற உத்தரவின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்றும், அதற்குத் தன் வீட்டில் வசிக்கும் உரிமை உண்டு என்றும் விதித்தது; வீட்டை விட்டோ ஊரை விட்டோ அவர்களை வெளியேற்றுவது தண்டனைக்குரிய குற்றம் என்றும் சொல்லியது. ஊரை விட்டு வெளியேற்றுவது என்றால் கையைப் பிடித்து எல்லைக்கு வெளியே தள்ளுவது மட்டும்தானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை பந்தியில் ரசத்துக்குக் காத்திராமல் எழுந்து போகும்படி செய்ததும் என் மதிப்பில் அதன் முதல் படியே.

இனி நான் உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் அபிப்பிராயத்தை ஒரே நாளில் மாற்றிக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் புரிந்துகொண்ட பிறகுதான் நடந்துகொள்ளவேண்டும் என்றும் இல்லை. உங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தை தன் பெயர் இன்னது என்று சொன்னால், அந்தப் பெயரால் அழையுங்கள். பழைய பெயரை வேண்டுமென்றே நாலு பேர் நடுவில் உரக்கச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டு இளைஞர்கள் அதைப் பார்த்துச் சிரித்தால், அந்த இடத்திலேயே, அந்தக் குழந்தைக்குத் தெரியும்படியாகவே கண்டியுங்கள். பெரியவர் ஒருவர் அதட்டினால் அடங்கிப் போகும் பழக்கம் நம் பிள்ளைகளிடத்தில் இன்னும் போய்விடவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் நீங்கள் அங்கம் வகித்தால், எவரும் அச்சமின்றிப் போகக்கூடிய தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஒன்றை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏற்படுத்துங்கள். அதற்கு ஒரு பெரிய செலவும் ஆகாது. பெற்றவர்கள் குழந்தையை அடித்தார்கள் என்று கேள்விப்பட்டால், அது அவர்கள் வீட்டு விவகாரம் என்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். அந்த அடியில் உங்கள் பெயரும் சேர்ந்திருக்கிறது என்பதால் தடுக்கும் கடமையும் உங்களுடையதே.

எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒன்று. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. வெற்றிலை பாக்கும் குங்குமச் சிமிழும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பத்திரிகை வைக்க நீங்கள் புறப்படுவீர்கள். அத்தகைய ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும், எதிரே வந்து நிற்கும் தாயிடமும் தகப்பனிடமும் 'குடும்பத்தோட வந்துடுங்க' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாமல், உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையின் பெயரை, அது தனக்கு வைத்துக்கொண்ட பெயரை, அதன் காதில் விழும்படி சொல்லி, 'அவளையும் அவசியம் அழைச்சிட்டு வரணும்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவள் வந்தால் பூவைக் கொடுங்கள். பந்தியில் பக்கத்து இலையில் நீங்கள் உட்காருங்கள்.

இங்ஙனம்,
உங்களூர் ஆசிரியை ஒருத்தி,
நன்னிலம்.